மூன்றாவது சிலிண்டரின் ஆறு எண்கள்

பேரன்புக்கும் அதைவிடப் பெரிய பயத்துக்கும் உரிய மாமா அவர்களுக்கு,

கடிதம் என்றால் முதலில் நலம் விசாரிக்க வேண்டும், பிறகுதான் விஷயத்துக்கு வர வேண்டும் என்று டீச்சர் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதன்படி விசாரிக்கிறேன். பாலம் கட்டும் வேலையில் தாங்களும், முகாமில் தங்களோடு இருப்பவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மா மிகவும் நலம். அம்மா இவ்வளவு நலமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. அதுதான் பிரச்சினை. அப்பா நலமில்லை. நான் நலமில்லை. தங்கள் மோட்டார் சைக்கிள் நலமா இல்லையா என்பது இந்த உலகத்தில் யாருக்கும் தெரியாது. அதற்குக் காரணம் நான்.

விசாரிப்பு முடிந்தது. மாமா, நாளைக்குச் சாயங்காலம் பழைய வண்டி வாங்குகிறவர் உங்கள் முகாமுக்குக் காகிதத்தோடு வருவார் அல்லவா, அதில் கையெழுத்துப் போடாதீர்கள். கை வலிக்கிறது என்று சொல்லுங்கள். கட்டுப் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது. ஏன் என்று கீழே எழுதியிருக்கிறேன். படிக்கும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. படித்து முடித்ததும் இதை எரித்துவிட வேண்டும். கிழித்துப் போட வேண்டாம். கிழித்ததை ஒட்ட வைத்துவிடுவார்கள், எங்கள் வகுப்பில் அப்படி ஒரு முறை நடந்திருக்கிறது.

நான் இதை எங்கே உட்கார்ந்து எழுதுகிறேன் என்றால், கீழே பட்டறையில், மாடிப்படிக்கு அடியில், பழைய டயர்களுக்கு நடுவில். டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து இப்படி இருக்கிறது. பொறுத்துக்கொள்ளவும். மேலே அப்பா குறட்டை விடுகிறார். குறட்டை கேட்கும்வரை எழுதுவேன், நின்றால் நிறுத்திவிடுவேன். விடிந்ததும் ஸ்பேர் பார்ட்ஸ் வேன்காரர் உங்கள் பக்கம் போகும் வழியில் நம் வாசலில் நிற்பார். அவரிடம் கொடுத்தனுப்பப் போகிறேன். போனில் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். போன் அம்மாவின் தலையணைக்குக் கீழே இருக்கிறது. உங்கள் முகாமில் மலைமேல் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும் என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். தவிர, இதையெல்லாம் வாயால் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. எழுதவும் தைரியம் இல்லைதான், ஆனால் எழுதும்போது எதிரில் உங்கள் முகம் இல்லை என்பது ஒரு வசதி.

நடந்தது இதுதான். நீங்கள் வண்டியை விட்டுவிட்டுப் போன மறுநாளே அப்பா எஞ்சினைப் பிரித்துவிட்டார். ஒரு லட்சத்து எண்பத்தேழாயிரம் கிலோமீட்டர் ஓடிய வண்டி, பின்னால் நீலமாகப் புகை விடுகிறது, எண்ணெய் குடிக்கிறது, உள்ளே எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்க்காமல் கையை வைக்கக் கூடாது என்றார். அம்மா, "அந்த ஒட்டகம் எண்ணெயாவது குடிக்கட்டும், ஆளைக் குடிக்காம இருந்தா சரி" என்றாள். அம்மாவுக்கு உங்கள் வண்டி என்றைக்கும் ஒட்டகம்தான், இரண்டு பக்கமும் பெட்டி தொங்குவதால். அப்பா எல்லாவற்றையும் கழற்றி, கழுவி, துணி விரித்து வரிசையாக வைத்தார். நான்கு சிலிண்டரும் நான்கு கிணறு மாதிரி வாயைத் திறந்துகொண்டு இருந்தன. எனக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடம் அரைநாள். "ரைட்டர், நோட்டை எடுத்துட்டு வா" என்றார். அப்பா என்னை ரைட்டர் என்று கூப்பிட்டால் அளவு எடுக்கப் போகிறார் என்று அர்த்தம். அவர் கையெல்லாம் எண்ணெய், அவர் எழுதினால் நோட்டும் எண்ணெய், அவருடைய ஐந்தும் ஆறும் ஒரே மாதிரி இருக்கும். ஆகவே அவர் அளந்து சொல்வார், நான் எழுதுவேன். இரண்டு வருஷமாக இதுதான் ஏற்பாடு.

சிலிண்டர் அளப்பதை நான் அன்றைக்குத்தான் முதல் முறை பார்த்தேன். நீளமான கம்பியின் மேல் கடிகாரம் வைத்த மாதிரி ஒரு கருவி. அதைக் கிணற்றுக்குள் இறக்கி, மேலே ஒரு இடம், நடுவில் ஒரு இடம், அடியில் ஒரு இடம், ஒவ்வொரு இடத்திலும் நெடுக்கே ஒன்று குறுக்கே ஒன்று, ஆக ஒரு சிலிண்டருக்கு ஆறு எண். எல்லாமே எழுபத்து மூன்று மில்லிமீட்டர் புள்ளி ஏதோ ஒன்று என்பதால் அப்பா முன்னால் உள்ளதைச் சொல்ல மாட்டார், கடைசி இரண்டு இலக்கத்தை மட்டும் சொல்வார். "சைபர் மூணு. சைபர் நாலு. சைபர் மூணு." முதல் சிலிண்டர் அப்படியே போனது. இரண்டாவதும் அப்படித்தான். மாமா, அது எவ்வளவு அலுப்பான வேலை என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் வண்டியை ஓட்ட மட்டும் செய்கிறீர்கள். எனக்கு மறுநாள் வரலாற்றுப் பரீட்சை. நோட்டுக்கு அடியில் வரலாற்றுப் புத்தகம் வைத்திருந்தேன். ஒரு ராஜா இன்னொரு ராஜாவின் கோட்டையை முற்றுகை இட்டிருந்தார், உள்ளே தண்ணீர் தீர்ந்துபோய்விட்டது, அந்த நேரத்தில் யாராவது புத்தகத்தை மூடுவார்களா. கோட்டை விழுந்து நான் நிமிர்ந்தபோது அப்பா, "நாலாவது. மேல நெடுக்கே, சைபர் அஞ்சு" என்றார். என் நோட்டில் மூன்றாவது சிலிண்டருக்கு எதிரே ஆறு கட்டமும் காலி.

அப்போதே கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் புத்தகத்தைப் பார்த்திருப்பார். பார்த்திருந்தால் இரண்டு வருஷமாக இருந்த ரைட்டர் பதவி போயிருக்கும். நாலாவதை எழுதிவிட்டு, அவர் கருவியைத் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், மூன்றாவது சிலிண்டருக்கு ஆறு எண்களை நானே போட்டேன்.

சும்மா போடவில்லை மாமா. அக்கறையாகத்தான் போட்டேன். அதுதான் என்னைக் கொல்கிறது. மற்ற சிலிண்டர்களைப் பார்த்து அப்படியே எழுதினால் காப்பி அடித்தது தெரிந்துவிடும், ஆகவே வித்தியாசமாக இருக்க வேண்டும் என்று நினைத்தேன். உங்கள் வண்டி எனக்குப் பிடிக்கும், ஆகவே கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். பெரிய எண் என்றால் நல்லது என்று நினைத்தேன், மார்க் மாதிரி. பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு, பதிமூன்று, பதினாறு, பத்தொன்பது. ஒரு பரீட்சையைவிட அடுத்த பரீட்சையில் கூட வாங்கினால்தானே நல்ல மாணவி என்று மேலிருந்து கீழே போகப் போகக் கூட்டிக்கொண்டே போனேன். பதிமூன்றில் மட்டும் கொஞ்சம் சறுக்கவிட்டேன், நம்பும்படி இருக்க வேண்டுமே என்று. தேயத் தேயக் கிணறு அகலமாகும், அகலமானால் எண் ஏறும், பத்தைத் தாண்டினால் அந்தச் சிலிண்டரின் கதை முடிந்தது என்பதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. நான் ஒரு மெக்கானிக்கின் மகள். இதை வெளியே சொல்லிவிடாதீர்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கையைக் கழுவிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டைப் பார்த்தார். முதல் சிலிண்டர், தலையை ஆட்டினார். இரண்டாவது, ஆட்டினார். மூன்றாவதில் தலை நின்றுவிட்டது. அப்படியே பின்னால் நகர்ந்து முக்காலியில் உட்கார்ந்தார். நான் பாராட்டப் போகிறார் என்று காத்திருந்தேன். "பத்தொம்போதா" என்றார். அப்புறம் போய் வண்டியின் பெட்ரோல் டாங்க் மேல் கை வைத்தார், ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிற ஆள் நெற்றியில் வைப்பார்களே அந்த மாதிரி. அப்போதுதான் பெரிய எண் என்றால் நல்லது இல்லை என்று எனக்குப் புரிந்தது.

அதன் பிறகு உங்களுக்குப் போன் போட்டார். நீங்கள் மலைமேல் ஏறியிருந்த நாள் அது. ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"மாப்ள, மனசைத் தேத்திக்கோ. மூணாவது போயிடுச்சு."

"யாரு அத்தான் போயிட்டாங்க?"

"சிலிண்டர்டா."

காற்றுச் சத்தம்தான் கேட்டது. "எவ்ளோ அத்தான்?" என்று கேட்டீர்கள். "அடியில பத்தொம்போது. நாலையும் பெருசா கடையணும், பெருசா நாலு பிஸ்டன் வேணும். இந்த மாடலுக்கு பிஸ்டன் செய்யறதை கம்பெனி எப்பவோ நிறுத்திட்டான். நானும் எல்லாரையும் கேட்டுட்டேன்" என்றார் அப்பா. அதற்கு நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "சரி அத்தான். நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும். வித்துடலாம்." அவ்வளவுதான். சண்டை போடவில்லை, இன்னொரு மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று சொல்லவில்லை. நீங்கள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன். ஆனால் நினைக்கிறேன்.

அம்மாவோ போனை வாங்கி, "தம்பி, போனது போகட்டும்டா, நீ ஆபீஸ்ல அந்த டேபிள் வேலையைக் கேளு" என்றாள். போனை வைத்ததும் அப்படியே படியில் உட்கார்ந்து, "அப்பாடா. இனிமே ராத்திரி போன் அடிச்சா எனக்கு நெஞ்சு அடிச்சுக்காது" என்றாள். அன்றிலிருந்து பாடுகிறாள் மாமா. பாத்திரம் கழுவும்போது பாடுகிறாள், துணி உலர்த்தும்போது பாடுகிறாள். பன்னிரண்டு வருஷமாக நீங்கள் ஒவ்வொரு முறை வண்டியில் கிளம்பும்போதும் அம்மா எத்தனை நாள் சரியாகச் சாப்பிட மாட்டாள் என்று உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், மிச்சத்தை நான்தான் சாப்பிடுவேன். அம்மாவின் இந்தச் சந்தோஷத்துக்கும் நான் போட்ட ஆறு எண்கள்தான் காரணம். அதைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறவளும் நான்தான்.

குறட்டை நின்றுவிட்டது. கொஞ்சம் பொறுங்கள்.

ஒன்றுமில்லை, திரும்பிப் படுத்திருப்பார் போல. மறுபடியும் வருகிறது.

நான் ஒன்றுமே செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதீர்கள். சரிசெய்ய முயற்சி செய்தேன், ஒவ்வொன்றும் நிலைமையை மோசமாக்கியது. முதலில் எண்களைத் திருத்தப் பார்த்தேன். பதினாறில் உள்ள ஒன்றைக் கொஞ்சம் குண்டாக்கினால் சைபர் ஆறு ஆகிவிடும் அல்லவா. குண்டாக்கினேன். அது மற்ற சைபர்களைவிடப் பெரிதாகி, கோழி முட்டைகளுக்கு நடுவே தீக்கோழி முட்டை வைத்த மாதிரி ஆகிவிட்டது. அழித்தேன். காகிதம் கிழிந்து ஓட்டை விழுந்தது. ஓட்டையை மறைக்க வேண்டுமே என்று எஞ்சின் எண்ணெயைத் தற்செயலாகக் கொட்டின மாதிரி அந்தப் பக்கத்தில் கொட்டினேன். அப்பா வந்து பார்த்தார். பக்கம் முழுவதும் கறுப்பு. எனக்குப் பாதி பயம், பாதி நிம்மதி. போயிற்று, இனி மறுபடியும் அளந்துதான் ஆக வேண்டும் என்று நினைத்தேன். அப்பா என் தலையைத் தடவி, "அழாதே, மூணாவதோட ஆறும் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடினா அதுதான் தெரியுது" என்று சொல்லி, சுண்ணாம்புக்கட்டியை எடுத்துப் பட்டறைச் சுவரில் இவ்வளவு பெரிதாக எழுதிவிட்டார். பதினொன்று, பன்னிரண்டு, பதினான்கு, பதிமூன்று, பதினாறு, பத்தொன்பது. இப்போது பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள்கூட அதைப் படித்துவிட்டு உச்சுக் கொட்டுகிறார்கள்.

அடுத்து நானே அளந்து பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். அந்தக் கருவி அலமாரியில் பூட்டியிருக்கிறது, சாவி அப்பாவின் இடுப்பில். என்னிடம் இருந்தது ஜியாமெட்ரி பாக்ஸ். ஸ்கேலை வைத்து நான்கு சிலிண்டரையும் அளந்தேன். நான்கும் ஏழு புள்ளி மூன்று சென்டிமீட்டர். இதுதான் நான் கண்டுபிடித்தது.

அப்புறம் லேத் பட்டறை அண்ணன் வந்தார். எனக்கு அவர்மேல்தான் கடைசி நம்பிக்கை. அவர் மூன்றாவது சிலிண்டருக்குள் விரலைவிட்டு அடிவரைக்கும் தடவிப் பார்த்து, "அண்ணே, அடியில வழவழன்னுதானே இருக்கு. பத்தொம்போது எங்க வந்துது?" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று, சொல்லுங்க, இன்னும் சத்தமாகச் சொல்லுங்க என்று வேண்டிக்கொண்டிருந்தேன். அப்பா சுவரைக் காட்டினார். "விரலுக்கு என்னப்பா தெரியும். எழுதி வெச்சிருக்கு பாரு" என்றார். லேத் அண்ணன் சுவரைப் பார்த்தார், விரலைப் பார்த்தார், விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். "எல்லா வண்டியும் மேலதான் தேயும், இது என்ன அடியில தேஞ்சிருக்கு?" என்று கேட்டார். அதுதான் எனக்கு வந்த அடுத்த வினை. அன்றிலிருந்து அப்பா அதற்குக் காரணம் தேட ஆரம்பித்துவிட்டார். மாமா மலை ஏறும்போது கியர் குறைக்க மாட்டான் என்றார். இல்லை, பெட்டியில் அளவுக்கு மீறிச் சுமை ஏற்றியிருப்பான் என்றார். நேற்றுச் சாப்பிடும்போது, "மூணு சிலிண்டரை ஒழுங்கா வெச்சிருக்கான், இந்த ஒண்ணை மட்டும் அவன் என்னதான்யா பண்ணினான்" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். அம்மா, "சின்ன வயசுலேயே அவன் அப்படித்தான். நாலு பொருள் குடுத்தா மூணைத்தான் பத்திரமா வெச்சிருப்பான்" என்றாள். மாமா, என்னால் உங்கள் நல்ல பெயரும் போய்க்கொண்டிருக்கிறது. அதற்கும் தனியாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

அப்போது நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "அப்பா, ஒருவேளை தப்பா எழுதியிருந்தா?" என்று கேட்டேன். அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நீயா? நீ தப்பா எழுத மாட்டே. தப்புன்னா நான்தான் தப்பா சொல்லியிருப்பேன்" என்றார். சொல்லிவிட்டு முகம் என்னவோ மாதிரி ஆகி, பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டார். இதற்கு மேல் நான் என்ன செய்ய முடியும். முப்பது வருஷமாக ஒரு போல்ட்டுகூட மிச்சம் வராமல் வண்டி பூட்டுகிற மனிதர், தன் கையைவிட என் கையெழுத்தை நம்புகிறார். அவரிடம் போய், அந்த ஆறும் ஒரு ராஜா கோட்டையைப் பிடிக்கிற நேரத்தில் நான் இட்டுக்கட்டியது என்று எந்த வாயால் சொல்வது. பரீட்சையில் அந்த முற்றுகையைப் பற்றிக் கேள்வியும் வரவில்லை.

ஆகவே மாமா, உங்களைத் தவிர எனக்கு வேறு கதி இல்லை. மூன்றாவது சிலிண்டர் ஒரு பாவமும் அறியாதது. அது மற்ற மூன்றையும் போலத்தான் இருக்கும், சைபர் மூன்றோ சைபர் நாலோ. புகை வந்தது வேறு ஏதாவது சின்ன விஷயமாக இருக்கும். வண்டி என்றால் கொஞ்சம் புகை வராதா. நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கையெழுத்துப் போடாமல், மலைமேல் ஏறி அப்பாவுக்குப் போன் செய்து, "அத்தான், விக்கறதுக்கு முன்னாடி கடைசியா ஒரு தடவை மூணாவதை மட்டும் அளந்து பாத்துடுங்களேன், என் மனசு கேக்கல" என்று சொல்லுங்கள். இயல்பாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு நடிக்க வராது என்று எனக்குத் தெரியும், அம்மாவிடம் மெதுவாகத்தான் ஓட்டினேன் என்று நீங்கள் சொல்லும்போதெல்லாம் மூக்கைச் சொறிவீர்கள். போனில் மூக்கு தெரியாது என்பதால் பயமில்லை. அப்பா அளப்பார், வித்தியாசம் வரும், தான் முன்னால் தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று நினைத்துக்கொள்வார். இந்த இடத்தில்தான் எனக்கு எழுத முடியவில்லை. அப்படி நினைத்துக்கொண்டால் அவர் அதற்குப் பிறகு எதை அளப்பார். ஆனால் அப்படி நினைக்காவிட்டால் என்னை நினைப்பார். இரண்டில் எது மோசம் என்று மூன்று ராத்திரியாக யோசிக்கிறேன், தினமும் வேறு வேறு பதில் வருகிறது.

பரீட்சைகள் முடிந்ததும் என்னைப் பின்னால் உட்காரவைத்து நீங்கள் கட்டுகிற பாலத்தைக் காட்ட அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தீர்கள். அதற்காக இதை எழுதவில்லை. கொஞ்சம் அதற்காகவும்தான்.

டார்ச் மங்குகிறது. அம்மாவுக்குத் தெரியாமல் அம்மாவின் ஆசிகளையும், அப்பாவுக்குத் தெரியாமல் அப்பாவின் அன்பையும் இத்துடன் சேர்த்து அனுப்புகிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடவும். உயரத்தில் வேலை செய்யும்போது கீழே பார்க்க வேண்டாம். என்னை வெறுப்பதாக இருந்தால் ஒரு மாதம்வரை வெறுக்கலாம், அதற்கு மேல் தாங்காது.

இப்படிக்கு,
தங்களை நேரில் பார்க்க முகமில்லாத மருமகள்,
ரைட்டர் (இனி இந்தப் பதவி இருக்காது)

பின்குறிப்பு: மாமா, எரிக்க வேண்டாம். எரிப்பதில் இனி ஒரு பிரயோஜனமும் இல்லை.

நான் கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தபோது அப்பா படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. குறட்டை இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது, அது அம்மாவுடையது. கையை நீட்டினார். கொடுத்தேன். விளக்கைப் போட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, முக்காலியில் உட்கார்ந்து, முதல் வரியிலிருந்து படித்தார். நான் டயர்களுக்கு நடுவிலேயே இருந்தேன், அதைவிட நல்ல இடம் தோன்றவில்லை. ஒரு பக்கம் முடிந்து அடுத்த பக்கம் திருப்பும்போதெல்லாம் எனக்கு ஒரு வயது கூடியது. முழுவதும் படித்துவிட்டு அவர் சொன்ன முதல் வார்த்தை திட்டு இல்லை.

"மூணாவதை நான் அளக்கவே இல்லையேடி."

எனக்குப் புரியவில்லை. அப்பா சொன்னார். "ரெண்டாவது முடிச்சேன். தெருவுல ஒருத்தர் ஸ்கூட்டரைத் தள்ள முடியாம நின்னுட்டிருந்தார். போய் தள்ளிவிட்டுட்டு வந்து, எங்க விட்டேன்னு தெரியாம நாலாவதுல உட்கார்ந்துட்டேன். சாயங்காலம் பாத்தா நோட்டுல மூணாவதும் இருக்கு. உன் எழுத்து, அழகா இருக்கு. எப்போ அளந்தேன்னு யோசிக்கிறேன், யோசிக்கிறேன், வரவே மாட்டேங்குது. பத்து நாளா படுத்துக்கிட்டு முழிச்சிட்டிருக்கேன். எனக்கு மூளை கழண்டுபோச்சுன்னே நெனச்சேன். உங்கம்மாகிட்டகூட சொல்லல."

அதாவது நான் கோட்டைக்குள் இருந்தபோது தவறவிட்ட எண்கள் என்று எதுவுமே இல்லை. அவர் சொல்லாததை நான் எழுதினேன், நான் எழுதினதை அவர் சொன்னதாக நம்பினார். அப்பா எழுந்தார். அடிப்பார் என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். துணி உரசும் சத்தம்தான் கேட்டது. சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அலமாரியைத் திறந்து, "உட்காரு. நோட்டை எடு. அடியில என்ன புத்தகம் இருக்குன்னு காட்டு" என்றார். எதுவும் இல்லை.

ஒவ்வொன்றையும் இரண்டு முறை அளந்தார். அவர் சொல்ல, நான் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதினேன். அடியில் சைபர் மூன்று, சைபர் நாலு. லேத் அண்ணனின் விரல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நடுவில் இரண்டும் சைபர் ஆறு. எனக்கு எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. மேலே நெடுக்கே பத்து. மேலே குறுக்கே அளந்துவிட்டு அப்பா கருவியைத் துடைத்து மறுபடியும் இறக்கினார். மறுபடியும் துடைத்தார். மூன்றாவது முறையும் அதேதான். பதினொன்று.

ஆகவே மேலே நான் மூன்றாவது சிலிண்டரைப் பாவம் அறியாதது என்று எழுதியிருப்பதை அடித்துவிடவும். புகை சின்ன விஷயம் என்பதையும் அடித்துவிடவும். எல்லா வண்டியும் தேய்கிற இடத்தில், எல்லா வண்டியும் தேய்கிற மாதிரிதான் உங்கள் வண்டியும் தேய்ந்திருக்கிறது. பத்துவரைதான் கணக்கு, ஒன்றே ஒன்று தாண்டியிருக்கிறது. நான் அப்பாவைப் பார்த்து, "ஒன்பதுன்னு எழுதட்டுமாப்பா?" என்று கேட்டேன். அவர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்து, "ஏண்டி, இப்பத்தானே நாலு பக்கத்துக்கு அழுதே" என்றார்.

அப்பா உங்களுக்கு எழுதச் சொன்னது: "மாப்ள, புத்தகத்துப்படி முடிஞ்சுபோச்சு. பிஸ்டனுக்குப் புது ரிங் போட்டா ஓடும், எண்ணெய் குடிச்சிக்கிட்டேதான் ஓடும். எவ்வளவு தூரம்னு என்னைக் கேக்காதே, பாதி வழியில நிக்கவும் நிக்கலாம். விக்கறதும் வெச்சுக்கறதும் உன் இஷ்டம். நான் விக்கச் சொன்னது தப்பான கணக்குல சொன்னது, அதை மட்டும் திருப்பி எடுத்துக்கறேன்." இதை அம்மாவிடம் யார் சொல்வது என்று நாங்கள் இருவரும் பேசிக்கொண்டிருக்கிறோம், இன்னும் முடிவாகவில்லை. அப்பா, நீ எழுதினது, நீயே சொல்லு என்கிறார். நான், நீங்கள் அளக்காதது, நீங்களே சொல்லுங்கள் என்கிறேன். வாசலில் வேன் சத்தம் கேட்கிறது.

கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று நான் இனிமேல் சொல்ல மாட்டேன் மாமா. மூன்றாவது சிலிண்டர், மேலே, குறுக்கே, எழுபத்து மூன்று புள்ளி ஒன்று ஒன்று. இந்த எண்ணை எழுதும்போது அப்பா என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே நம்பலாம்.